ரைசோபியம் பொடி: பயத்தங்காய் போடுகிறவர்கள் வாங்கலாமா?

ரைசோபியம் என்பது பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் குடியிருந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு எடுத்துக் கொடுக்கும் பாக்டீரியா; அதை உயிரோடு கலந்த பொடி இது. பொடி நல்ல பொடிதான், குறை சொல்ல வேண்டியது அதை விற்கிற விதத்தை. கறுப்பாக இருக்கும், 200 கிராம் பொட்டலம். வயலில் விதைக்கிறவர்களுக்கான அளவு இது, வீவக (சிங்கப்பூர் அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் சில தொட்டிகள் வைத்திருப்பவருக்கு ஒரு தேக்கரண்டியே தாராளம், அதனால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

சமூகத் தோட்டத்தில் எங்கள் பாத்தியில் பயத்தங்காய்க்கும் சிறகவரைக்கும் (நம்ம கச்சாங் பொத்தோல்தான்) போட்டேன். ஆறின கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பூ விடும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மிளகு மிளகாக முடிச்சு. நகத்தால் கிள்ளினேன், உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம். காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, அந்த ஆக்சிஜனை அளவோடு வைத்திருப்பது லெக்ஹீமோகுளோபினின் வேலை. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பொட்டலத்தில் எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடும், அதை உணர்கிற பாக்டீரியா நாட் காரணி என்ற பதிலை அனுப்பும், செடிக்கு அந்தப் பதில் பிடித்தால்தான் வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை வளைத்துக்கொண்டு, தானே ஒரு மெல்லிய குழாய் கட்டி உள்ளே கூட்டிப்போகும். ஜோடி பொருந்தாவிட்டால் கதவே திறக்காது. பட்டாணிக்கான இனம் பயத்தங்காய்க்கு உதவாது, இதற்குப் பிராடிரைசோபியம் என்ற வகை பாக்டீரியா வேண்டும். வெறுமனே 'பயறு வகைகளுக்கு' என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் கடை. உயிருள்ள சரக்கை வாசலில், மத்தியான வெயில் நேரே விழுகிற தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்! சூட்டில் பாக்டீரியா செத்தால் மிஞ்சுவது வெறும் கரித்தூள். உள்ளே குளிர்ச்சியில் வைத்ததைக் கேட்டதும் கடைக்காரர் முகம் கொஞ்சம் சுளித்தது, ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

உரம் கலந்த தொட்டி மண்ணில் விதைப்பதாக இருந்தால் காசைச் செலவழிக்காதீர்கள், மண்ணில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் செடி முடிச்சு வைக்க அக்கறை காட்டாது. பொடிக்கு 5-க்கு 4, கடைக்கு 2. கத்தரி, மிளகாய்க்குப் போடலாமா என்று தோட்டத்தில் கேட்கிறார்கள், அவற்றின் வேரில் முடிச்சே வராது.