மாவட்ட இடையீட்டு சேவை மையம்: தெரபிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இங்கே ஒரு நடை போய் வாருங்கள்

என் தங்கச்சி மகனுக்கு இரண்டரை வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "அம்மா", "தா", அவ்வளவுதான். ஏதாவது வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். தங்கச்சி வேலைக்குப் போகிறவள், அதனால் அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்தது பெரும்பாலும் பெரியம்மாவான நான்தான். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுக்க எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் இருக்கிற இடையீட்டு சேவை மையத்துக்கு (வாசலில் டிஇஐசி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்) பல மாதமாகப் போய்வருகிறோம். எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. குறையும் எழுதப்போகிறேன், அங்கே வேலை பார்ப்பவர்களை மாட்டிவிட மனசில்லை.

2013ல் மத்திய அரசு தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்கிற குழந்தைகள் நலத் திட்டத்தில் வருகிற மையம் இது. அந்தத் திட்டத்து டாக்டர் குழு அங்கன்வாடிப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் இங்கே அனுப்பும். பேச்சு மட்டும் இல்லை. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றுக்கும் இதே இடம்தான். காத்திருக்கும் கூடத்தில் வளைந்த பாதத்துக்கு மாவுக்கட்டு போட்ட கைக்குழந்தையும் இருக்கும், குறைமாதத்தில் பிறந்து கண் பரிசோதனைக்கு வந்ததும் இருக்கும். அனுப்பிய சீட்டு இல்லாமல் நேராகப் போனாலும் பார்த்தார்கள், நாங்கள் அப்படிப் போனவர்கள்தான். பைசா செலவில்லை.

எனக்கு இங்கே பிடித்தது, தெரபிக்கு முன்னால் காதைப் பார்த்ததுதான். இதற்கு முன் டவுனில் ஒரு தனியார் சென்டருக்குப் போனோம். நல்ல கலர் சுவர், ஏசி, பந்துக் குளம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே மூன்று மாதப் பேக்கேஜ் சொன்னார்கள், பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிஇஐசியில் டாக்டர், பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா என்று தொடங்கி எல்லாம் கேட்டுவிட்டு, முதலில் காது டெஸ்ட், அப்புறம்தான் மற்றது என்றார். காதுக்குள் சின்ன அடைப்பான் மாதிரி வைத்து ஒன்று, அப்புறம் பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, சத்தம் நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் அது. பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். "ராத்திரி லேட்டா தூங்க வைங்க, காலைல சீக்கிரம் எழுப்பிடுங்க, பஸ்ல தூங்க விட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஜன்னல் சீட்டில் காற்றில் சொக்குகிற பிள்ளையைத் தூங்காமல் கூட்டிப்போய்ப் பாருங்கள், அப்போது தெரியும்! அங்கே போனதும் மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். காது நன்றாக இருக்கிறது என்று வந்தது. ஒருவேளை கேட்கவில்லை என்று வந்திருந்தால் பாதையே வேறு: காது மெஷின், தேவைப்பட்டால் உள்காதில் கருவி பொருத்துகிற காக்ளியர் அறுவை சிகிச்சை. அதை முதலமைச்சர் காப்பீட்டில் ஆறு வயதுக்குள் இலவசமாகச் செய்கிறார்கள். வயது தாண்டிப் போய் நின்றால் கதை கந்தல்.

ஆட்டிசத்துக்கான கேள்விகளும் கேட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, சொப்பு வைத்துச் சமைக்கிற மாதிரி விளையாடுகிறானா. ஆனால் அவசரப்பட்டுப் பெயர் சூட்டவில்லை. பயிற்சியை ஆரம்பிப்போம், சில மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்கள். போன் டிவி இரண்டையும் நிறுத்தச் சொன்னார்கள், அதில் மட்டும் பேரம் இல்லை.

பயிற்சியின்போது நம்மை வெளியே உட்கார வைப்பதில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முகம் பார்த்து ஒரு சத்தமாவது போடும் வரை காத்திருப்பார், அதையே வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் செய்யச் சொல்வார். கை விரல் வேலை, அன்றாடப் பழக்கம் இதெல்லாம் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சப்பாத்தி மாவைப் பிசைய விடுவது, கொண்டைக்கடலையைப் பொறுக்கிப் பாட்டிலில் போட வைப்பது என்று நோட்டில் எழுதிக் கொடுப்பார். அடுத்த தடவை அந்த நோட்டைக் கேட்பார், செய்யாமல் போனால் முகத்திலேயே தெரிந்துவிடும். வாரத்தில் மிச்ச நாள் எல்லாம் பிள்ளை நம்மோடுதானே இருக்கிறான், அதனால் இந்த முறைதான் சரி என்று நினைக்கிறேன்.

சரி, குறைகள். மாவட்டம் முழுக்க வருகிற கூட்டத்துக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரே ஒருவர். அரை மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம், சில நாள் அதுவும் இல்லை. ஒப்பந்த வேலை என்பதால் ஆள் மாறுகிறார்கள், நம் பிள்ளை ஒருவரிடம் ஒட்டுகிற நேரத்தில் புது முகம். மாற்றுத்திறனாளி முகாம் நடக்கிற நாளில் தெரபிஸ்ட் அங்கே போய்விடுவார், ஒரு போன் போட்டுச் சொல்ல ஆளில்லை. இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மா அப்படியே திரும்பிப் போனதைப் பார்த்தேன். பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஓர் இடமில்லை. கழிவறை பற்றி எழுத வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பரிசோதனைக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் முழு மார்க், தெரபி நேரத்துக்குப் பாதி. வசதி இருப்பவர்கள் இங்கே எல்லா டெஸ்டும் முடித்துவிட்டு, வெளியே கூடுதலாக வாரம் ஒன்றிரண்டு செஷன் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பிள்ளையோடு நம்மை உள்ளே விடுகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். ஆறு வயதுக்கு மேல் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரையும் விசாரியுங்கள். போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, பிள்ளைக்குப் பிடித்த தீனி, ஒரு செட் மாற்று உடை கட்டாயம். கிளம்புவதற்கு முன் தெரபிஸ்ட் அன்றைக்கு வந்திருக்கிறாரா என்று நீங்களே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.