அசெம்பிள்டு ஆம்ப் + டவர் ஸ்பீக்கர் செட்டில் 46,500 ரூபாய் போச்சு: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

46,500 ரூபாய். வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆம்ப்ளிஃபையரும் டவர் ஸ்பீக்கரும் செட்டாக ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள், பணம் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள். ஸ்டீரியோவுக்கு ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் எப்படிப் பார்த்து எடுப்பது என்று கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

கடைப் பெயர் போடவில்லை. ஆர்டர் எடுத்து ஆம்ப் கட்டிக்கொடுத்து, வீடியோவும் போட்டு, ஊர் ஊருக்குப் பார்சல் அனுப்புகிற வகைக் கடை. பேசியது இதுதான்: சேனலுக்கு (இடது, வலது ஒவ்வொரு பக்கத்துக்கும்) 200 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் பவர், டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், சேனலுக்கு இரண்டு ஜோடி ஒரிஜினல் தோஷிபா 5200–1943 பவர் டிரான்ஸிஸ்டர், ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன். ஆம்ப் 21,500. இரண்டு ஆறரை இஞ்ச் வூஃபர் (அடிச்சத்தம்), ஒரு மிட் (நடுச்சத்தம்), ஒரு ட்வீட்டர் (உச்சச்சத்தம்) வைத்த 8 ஓம் த்ரீ-வே டவர் ஜோடி 25,000. ஆக மொத்தம் 46,500, முழுதும் முன்கூட்டியே யுபிஐயில்.

நம்பியது டெமோவில். டெமோ ஆம்ப்பின் மேல்மூடியைக் கழற்றியே வைத்திருந்தார்கள். உள்ளே கனமான டொராய்டல், ஒழுங்காகக் கட்டிய வயர்கள். ஸ்விட்சைப் போட்டதும் மூன்று நொடி கழித்து ரிலே ‘டக்’ என்று ஒட்டியது. அந்தச் சத்தத்தில்தான் விழுந்துவிட்டேன். ரிலே போர்டு, டிரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆனால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பாற்றும். காசை மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் எடுத்துவிடுவதும் அதைத்தான். அது இருக்கிறதென்றால் மற்றதும் சரியாக இருக்கும் என்று மனசு முடிவுகட்டிவிட்டது. “அண்ணே, ஹீட்சிங்க்ல கைய வச்சுப் பாருங்க, ஒரு மணி நேரமா ஓடுது. இதே பீஸ்தான் உங்களுக்கும், ஒரு ஸ்க்ரூகூட மாறாது” என்றார் கடைக்காரர். மாற்றியது ஸ்க்ரூவை அல்ல, உள்ளே இருந்த எல்லாவற்றையும்.

வந்த பெட்டியில் மூடியின் மேல் ஸ்டிக்கர்: கிழிந்தால் வாரண்டி இல்லை. அதனால் திறக்கவில்லை. ரிலே சத்தம் இல்லை. ஸ்விட்ச் போடும்போதே வூஃபர் ‘தொம்’ என்று குதித்தது. குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. போன் செய்தால், “சார், பர்ன்-இன் ஆகணும். அம்பது மணி நேரம் ஓட்டிட்டுச் சொல்லுங்க” என்றார்கள். நான்காம் நாள், பாதி வால்யூமில், இடது பக்கம் பெரிய ஹம், பிறகு கருகல் வாடை. இரண்டு வூஃபரும் போயின.

அதற்குப் பிறகுதான் ஸ்டிக்கரைக் கிழித்தேன். உள்ளே இருந்ததைச் சொல்கிறேன்.

டொராய்டல் இல்லை, சாதா இஐ (சதுரக் கட்டை வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், 24-0-24 வோல்ட். 8 ஓமில் 200 வாட் வர வேண்டுமென்றால் ஸ்பீக்கர் முனையில் உச்சம் 57 வோல்ட் வேண்டும். அதற்கு ரெயில் (ஆம்ப் போர்டுக்குப் போகும் டிசி சப்ளை) பிளஸ் மைனஸ் 60 வோல்ட்டாவது வேண்டும், அதாவது 45-0-45 டிரான்ஸ்ஃபார்மர். இதில் லோடு இல்லாமல் 34 வோல்ட், லோடு கொடுத்தால் 28. உயிரோடிருந்த வலது சேனலை 8 ஓம் டம்மி லோடில் (ஸ்பீக்கருக்குப் பதில் ரெசிஸ்டர்) 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாகும் இடத்தில் நிறுத்தி அளந்தேன்: 17.2 வோல்ட் (உச்சம் அல்ல, ஆர்எம்எஸ்). 17.2-ஐ அதாலேயே பெருக்கி 8-ஆல் வகுத்தால் 37 வாட். 200 என்று விற்றது 37. டிரான்ஸ்ஃபார்மரின் லீடு கம்பியைச் சுரண்டினால் உள்ளேயும் வெள்ளை, செப்பு இல்லை, அலுமினியச் சுற்று. (ஈயம் பூசிய செப்பும் மேலே வெள்ளையாகத்தான் தெரியும். சுரண்டினால் சிவப்பு வர வேண்டும்.)

டிரான்ஸிஸ்டர் சேனலுக்கு ஒரு ஜோடிதான். செத்ததை உடைத்துப் பார்த்தேன். 15 ஆம்பியர், 150 வாட் தாங்க வேண்டிய சாதனத்துக்குள் கடுகளவு சிலிக்கன் சில்லு. டூப்ளிகேட். ரிலே போர்டு இல்லை. டிசி ஃபியூஸ் ஹோல்டரில் ஃபியூஸுக்குப் பதில் கம்பி.

ஸ்பீக்கர் அதைவிட மோசம். பின்னால் 8 ஓம் என்று ஸ்டிக்கர், மீட்டரில் 3.2. இரண்டு 8 ஓம் வூஃபரை பேரலலாகக் கொடுத்தால் அது 4 ஓம் ஸ்பீக்கர். அதே வோல்ட்டில் ஆம்ப்பிலிருந்து இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்தச் சூட்டில் டூப்ளிகேட் டிரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆகி, ரெயிலின் 34 வோல்ட் டிசி அப்படியே காயிலில் இறங்கியிருக்கிறது. கணக்குப்படி 10 ஆம்பியருக்கு மேல். துண்டிக்க ரிலேயும் இல்லை, ஃபியூஸும் இல்லை, சில நொடியில் காயில் கருகும். மிட் ஸ்பீக்கரைக் கழற்றினால் பின்னால் வயரே இல்லை. வெறும் கோனை ஒட்டி வைத்திருக்கிறார்கள்! எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் கிராஸோவர் என்பது ட்வீட்டரில் 2.2 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான். 8 ஓம் ட்வீட்டருக்கு அது 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுசாக விடும். அதற்குக் கீழே குரல், வயலின், எல்லாவற்றையும் வூஃபரே சமாளிக்க வேண்டும். கம்பளிக் குரலுக்குக் காரணம் பர்ன்-இன் இல்லை, இது.

இதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: “உங்க வீட்டு லைன்ல ஹை வோல்டேஜ் சார்.” வோல்டேஜ் அளந்து அனுப்பினேன், 228. அடுத்தது: “வால்யூம் ஜாஸ்தி வச்சிருக்கீங்க.” அடுத்தது: “டெக்னீஷியன் லீவு, திங்கட்கிழமை கூப்பிடுறேன்.” திங்கள் போய், செவ்வாயும் போனது. “ஸ்டிக்கரக் கிழிச்சிட்டீங்களே சார், இனி நாங்க என்ன பண்ண முடியும்?” கடைசியாக, “நாலாயிரம் போடுங்க, போர்டு மாத்தித் தர்றோம்.” 46,500 வாங்கியது போதாதென்று இன்னும் நாலாயிரம்! இப்போது மெசேஜில் நீல டிக் மட்டும் விழுகிறது. பில்லில் “ஆடியோ செட் 1” என்று ஒரே வரி, ஜிஎஸ்டி எண் இல்லை. அதை அன்றே பார்த்திருக்க வேண்டும்.

தேர்வு பற்றி விரிவாக எழுதும் நிலையில் இப்போது இல்லை. அவசரத்துக்கு இவை:

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட், ஆம்பியர், டிரான்ஸிஸ்டர் எத்தனை ஜோடி, ஸ்பீக்கர் ஓம் எல்லாம் பில்லில் எழுத்தில் வேண்டும். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டெமோ பீஸை அல்ல, உங்கள் பீஸைத் திறந்து பாருங்கள். மூடுவதற்கு முன் சீரியல் நம்பரோடு வீடியோ எடுங்கள்.

ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஆம்ப் அவுட்புட்டில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 50 மில்லி வோல்ட்டைத் தாண்டினால் இணைக்காதீர்கள்.

8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை காட்டும். மூன்று காட்டினால் அது 4 ஓம்.

முழுப் பணத்தையும் முன்னால் போடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். 46,500-க்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதேபோல் மிட் ஸ்பீக்கரில் வயர் இல்லாத டவர் யாரிடமாவது இருந்தால், கழற்றிப் போட்டோ எடுத்து வையுங்கள்.