பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏசி அப்கிரேட் பண்ணப் போறீங்களா, இதைப் படிச்சுட்டு காரை விடுங்க

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கோங்க. பழைய கார் ஏசி வேலையில ஒரு குறிப்பிட்ட ஏமாத்து வேலை நடக்குது, எனக்கு நடந்துச்சு, வண்டியை வேற ஒரு மெக்கானிக் பிரிச்சுப் பார்த்தப்பதான் முழுசா வெளிய வந்துச்சு. கடை பேர் போடல. ஆனா என்ன பண்ணாங்கன்னு ஒண்ணு விடாம சொல்றேன்.

என் வண்டி போர்ஷே 911 எஸ்சி. 1978லேர்ந்து 83 வரைக்கும் வந்த மாடல். இந்த வண்டியில ஏசி எவ்ளோ பெரிய தலைவலின்னு வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். எஞ்சின் பின்னாடி, கேஸை அழுத்தி ஓட விடற கம்ப்ரஸரும் பின்னாடி, ஆனா காத்தைக் குளிர வைக்கற எவாபரேட்டர் முன்னாடி டிக்கி பக்கம். கேஸ் கம்ப்ரஸர்லேர்ந்து கிளம்பி எஞ்சின் மூடியில இருக்கற, கேஸோட சூட்டை வெளிய தள்ளற கண்டென்சருக்குப் போய், அங்கேர்ந்து வண்டியோட மொத்த நீளத்துக்கும் ஓடி முன்னாடி இன்னொரு கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சற ட்ரையர், எவாபரேட்டர் எல்லாம் சுத்திட்டு திரும்ப பின்னாடியே வரணும். அவ்ளோ நீள ஹோஸ், அதுவும் பழைய ரப்பர். அது போதாதுன்னு இந்த வண்டிங்க எல்லாம் ஆர்-12ங்கற பழைய ஏசி கேஸுக்காக டிசைன் பண்ணது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஓசோனைக் கெடுக்குதுன்னு அந்த கேஸை ஓரங்கட்ட ஆரம்பிச்சு, 1995 முடிவோட வளர்ந்த நாடுகள்ல உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. அதனால அப்கிரேட்னாலே எல்லாரும் அதுக்குப் பதிலா வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாத்தறதைத்தான் சொல்வாங்க.

மாத்தறதுன்னா கேஸை மட்டும் மாத்தறது இல்லைங்க, பிரச்சனையே இங்கதான் ஆரம்பிக்குது. ஆர்-12 கூட மினரல் ஆயில் கலந்து ஓடும், 134ஏ கூட கலக்காது. கலக்கலன்னா ஆயில் எவாபரேட்டர்லயே தேங்கிடும், கம்ப்ரஸர் ஆயில் இல்லாம ஓடி ஜாம் ஆயிடும். அதனால பழைய ஆயிலை ஃப்ளஷ் பண்ணிட்டு 134ஏ கூட கலக்கற பிஏஜி இல்லன்னா எஸ்டர் வகை ஆயில் போடணும். ட்ரையர் உள்ள ஈரத்தை உறிஞ்சற மருந்தும் 134ஏக்கு ஏத்ததா இருக்கணும். பழைய ரப்பர் ஹோஸ் வழியா 134ஏ மெல்ல மெல்ல கசிஞ்சு வெளிய போயிடும், அதனால உள்ள நைலான் லேயர் வச்ச பேரியர் ஹோஸ் வேணும். ஓ-ரிங் எல்லாம் புதுசு. கண்டென்சரும் பழைய ட்யூப் டைப்பை எடுத்துட்டு பேரலல் ஃப்ளோ டைப் (நிறைய மெல்லிய குழாய்ல கேஸ் பிரிஞ்சு ஓடறது) போட்டாதான் 134ஏ வச்சு ஒழுங்கா கூலிங் வரும். இது அத்தனையும் எஸ்டிமேட்ல எழுதிக் கொடுத்தாங்க, கம்ப்ரஸர் புதுசுன்னும் எழுதியிருந்தாங்க, நானும் அதுக்கு முழுசா காசு கொடுத்தேன்.

வண்டி எடுக்கப் போனப்ப வெயில் இறங்கியிருந்துச்சு. ஷெட்டுக்குள்ள நிறுத்தி, கண்ணாடி ஏத்தி, நடு வென்ட்ல தெர்மாமீட்டர் சொருகி காட்டினாங்க. நல்லா ஜில்லுனு காத்து. கேஸ் ஏத்தற சர்வீஸ் போர்ட்ல 134ஏவோட புது அடாப்டர், மேல நீலம் சிவப்பு மூடி, எஞ்சின் மூடியில '134ஏ'ன்னு பளபளன்னு ஸ்டிக்கர். யார் பார்த்தாலும் வேலை முடிஞ்சுதுன்னுதான் நினைப்பாங்க.

கொஞ்ச நாள்லயே கூலிங் குறைஞ்சுது. அதைவிட பயமா இருந்தது எஞ்சின் ஆயில் டெம்பரேச்சர், எப்பவும் நிக்கற இடத்தைத் தாண்டி முள்ளு ஏறுது. கடைக்கு ஃபோன் பண்ணா "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும், எடுத்துட்டு வாங்க கேஸ் டாப் அப் பண்ணித் தர்றேன்"னாரு. டாப் அப் பண்ணதும் திரும்ப ஜில், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

வேற மெக்கானிக் கிட்ட கொண்டு போனேன், அவர் முதல்ல ஐடென்டிஃபையர் மெஷினை மாட்டினாரு. உள்ள என்ன கேஸ் எவ்ளோ சதவீதம் இருக்குன்னு காட்டற மெஷின். ஸ்க்ரீன்ல 134ஏ கொஞ்சம் கூட இல்ல, ஹைட்ரோகார்பன்னு வந்துது. அதாவது புரோப்பேன், ஐசோபியூட்டேன் மாதிரி எரியற கேஸ், நம்ம சமையல் சிலிண்டர்ல இருக்கற வகையறா! 911ல எவாபரேட்டர் முன்னாடி, பெட்ரோல் டேங்கும் முன்னாடி, அதே எவாபரேட்டர் வழியா வர்ற காத்துதான் கேபினுக்குள்ள வருது. அங்க ஒரு லீக் ஆனா கேஸ் நேரா நாம உக்காந்திருக்கற இடத்துக்கு வரும். இந்த வண்டியில குழந்தைங்களை உக்கார வச்சு ஓட்டியிருக்கேன்ங்க, அதை நினைச்சாலே இப்பவும் வயித்தைக் கலக்குது.

ஏன் அந்த கேஸைப் போட்டாங்கன்னு அந்த மெக்கானிக் சொன்னதைத்தான் எல்லாரும் கவனிக்கணும். ஹைட்ரோகார்பன் பழைய மினரல் ஆயில் கூட நல்லா கலக்கும், பிரஷரும் கிட்டத்தட்ட ஆர்-12 மாதிரியே நிக்கும், எடை கணக்குல பாதிக்கும் கம்மியா போட்டாலே போதும், கூலிங்கும் நல்லா வரும். அதாவது ஆயில், ட்ரையர், ஹோஸ், கம்ப்ரஸர் எதையுமே மாத்தாம மாத்தின மாதிரி காட்ட இதைவிட சுலபமான வழி கிடையாது. வென்ட்ல ஜில்லுனு காத்து வர்றதை வச்சு வேலை நடந்திருக்குன்னு யாரும் முடிவு பண்ண முடியாது.

அப்புறம் ஒவ்வொண்ணா பிரிச்சோம். 'புது' கம்ப்ரஸரோட கறுப்பு பெயின்ட் நகத்தால சுரண்டினாலே உரிஞ்சு வந்துது, அடியில நாற்பது வருஷத்து பழைய அலுமினியம், போல்ட் தலையில இருந்த துரு மேலயே பெயின்ட் அடிச்சிருந்தாங்க. வடிச்ச ஆயில் கறுத்துப் போன மினரல் ஆயில்தான். ஹோஸ் மேல நெளி நெளியா இருக்கற புது பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தாங்க, பார்க்க புது ஹோஸ் மாதிரியே இருக்கும். அவர் பிளேடு வச்சு நீளவாக்குல கிழிச்சாரு, உள்ள அதே பழைய ரப்பர், காஞ்ச களிமண் மாதிரி வெடிச்சு வெடிச்சு, ஜாயின்ட் கிட்ட ஆயில் பிசுக்கோட. ட்ரையர்ல புது லேபிள் ஒட்டியிருந்துச்சு, கீழ பழைய லேபிளோட ஓரம் தெரியுது.

லீக் அடைக்க சீலன்ட் வேற ஊத்தியிருக்காங்க. அது ஈரம் பட்டா இறுகிப் போற சமாச்சாரம். எவாபரேட்டருக்குப் போற கேஸை அளந்து விடற எக்ஸ்பேன்ஷன் வால்வோட சின்ன ஓட்டைக்குள்ள போய் இறுகிடுச்சு, அதனால அது போச்சு, எவாபரேட்டரும் மாத்தியாகணும்ங்கறாரு. சீலன்ட் போட்ட வண்டின்னு தெரிஞ்சா பல கடைக்காரங்க தொடவே மாட்டாங்க, கேஸை வெளிய எடுக்கற அவங்க ரெக்கவரி மெஷின் அடைச்சுக்கும்.

அவங்க நிஜமாவே மாத்தினது ஒண்ணே ஒண்ணு, எஞ்சின் மூடி கண்டென்சர். மாத்தாம விட்டிருந்தாலே புண்ணியமா போயிருக்கும்! இந்தக் காலத்து பழைய 911 எஞ்சின் தண்ணி இல்லாம காத்துல குளிர்ற எஞ்சின், அதோட ஃபேன் இந்த கண்டென்சர் வழியாத்தான் காத்தை இழுக்குது. இவங்க இந்த வண்டிக்கு சம்பந்தமே இல்லாத தடிமனான ஒண்ணை வாங்கி, ஒரிஜினல் பிராக்கெட்டை கிரைண்டர்ல அறுத்து, கிரில்ல ஓட்டை போட்டு மாட்டியிருக்காங்க. ஆயில் சூடு ஏறினதுக்குக் காரணம் இதுதான். முன்னாடி கண்டென்சர் ஃபேனுக்கு ரிலே (கரண்ட்டை பாதுகாப்பா ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) கூட கிடையாது, ஃப்யூஸ் பாக்ஸ்லேர்ந்து நேரா முறுக்கி டேப் சுத்தின வயர், இன்சுலேஷன் உருகி இருக்கு.

கடைக்காரர் கிட்ட போட்டோ எல்லாம் காட்டிக் கேட்டேன். ஒரே பதில்தான், "காத்து ஜில்லுனு வந்துச்சா இல்லையா சார்?" வண்டியில இருந்த ஆர்-12 என்னாச்சுன்னு கேட்டேன், பைப்பைக் கழட்டி காத்துல விட்டுட்டோம்னு சர்வ சாதாரணமா சொல்றாரு. ஓசோனைக் கெடுக்கற கேஸ், மெஷின் வச்சு சிலிண்டர்ல பிடிக்க வேண்டியது.

யாராவது இந்த வேலைக்கு வண்டியை விடப் போறீங்கன்னா, கழட்டின பழைய பார்ட்ஸ் எல்லாம் எனக்குத் திரும்ப வேணும்னு முதல் நாளே எழுதி வாங்குங்க, தயங்கற கடைன்னா வண்டியைத் திருப்பிடுங்க. கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி நீங்க நேர்ல நிக்கணும், ட்ரையர் மூடி உங்க கண் முன்னாடி திறக்கணும், முன்கூட்டியே திறந்து வச்சிருந்தா அது ஈரத்தை உறிஞ்சி வீணாப் போயிடும். நைட்ரஜன் ஏத்தி லீக் டெஸ்ட், அப்புறம் வேக்யூம் போட்டு பம்பை நிறுத்தி அரை மணி நேரமாவது பிரஷர் கேஜ் முள்ளு நகராம நிக்குதான்னு பாருங்க. கேஸை எடை போட்டு ஏத்தச் சொல்லுங்க, எவ்ளோ போச்சுன்னு பில்லுல இருக்கணும். முக்கியமா டெலிவரி எடுக்கறதுக்கு முன்னாடி ஐடென்டிஃபையர்ல ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. அது சில நிமிஷ வேலைதான். டெஸ்ட் டிரைவ் உச்சி வெயில்ல, டிராஃபிக்ல, ஆயில் டெம்பரேச்சரையும் பார்த்துக்கிட்டே போங்க.

இப்போ வண்டி ரெண்டாவது மெக்கானிக் கிட்ட நிக்குது, ஹோஸ் முழுக்க கழட்டியாச்சு. கம்ப்ரஸர் பொழைக்குமான்னு பிரிச்சுப் பார்த்துட்டு சொல்றேன்னிருக்காரு. எஸ்சியோட ஒரிஜினல் கண்டென்சர் பிராக்கெட்டும் எஞ்சின் மூடி கிரில்லும் யார் கிட்டயாவது சும்மா கிடந்தா மெசேஜ் பண்ணுங்க, கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்ல, அறுக்காம இருந்தா போதும்.