பரம்பிக்குளம் காட்டைப் படிக்க எந்த வரைபடம்?

டாப்சிலிப், பரம்பிக்குளம் பக்கத்துக் காடு முன்பு எப்படி இருந்தது என்று தேடினால் மூன்று வரைபடங்கள் கண்ணில் படும். இந்திய நில அளவைத் துறையின் பழைய ‘அங்குலத்துக்கு ஒரு மைல்’ தாள், 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட யு502 வரிசை, அப்புறம் மெட்ரிக் காலத்து 1:50,000 டோபோஷீட் (நிலவமைப்புத் தாள்; ஒரு சென்டிமீட்டரில் அரை கிலோமீட்டர்). என் ஓட்டு அங்குலத் தாளுக்கு.

காரணம் அணை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் பள்ளத்தாக்கின் அடி முழுகிவிட்டது. 1:50,000 தாளில் அந்த இடம் வெறும் நீலம். அணைக்கு முன் அளந்த தாளிலோ ஆறு எங்கே வளைந்தது, எந்த ஓடை எங்கே வந்து சேர்ந்தது, சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடுகள்) எங்கே நெருங்கின என்று எல்லாம் அப்படியே இருக்கிறது. இன்றைய ஏரிக்கரையைப் பழைய தாளில் வரைந்து பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு போகும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நாம் இனி நடக்க முடியாத காடு.

சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம்வரை 1907 முதல் 1963 வரை வெட்டிய மரங்களை ஏற்றிச் சென்ற சிறு ரயில் பாதையான கொச்சி டிராம்வேயையும் இப்படித் தேடலாம். மலையைச் சுற்றும் தடம் சம உயரக் கோட்டை ஒட்டியே போகும். கோடுகளைக் குறுக்கே நேராக வெட்டி இறங்கினால், அது பாரவண்டி இறங்கும்போது அதன் எடையே காலி வண்டியை மேலே இழுத்த சரிவுப் பாதை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அமெரிக்கத் தாள் 1:2,50,000. ஒரு சென்டிமீட்டரில் இரண்டரை கிலோமீட்டர் அடங்குவதால் ஆனைமலையை ஒரே பார்வையில் பார்க்கலாம். டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கோடுகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான அடி இடைவெளி. சிறு பாறைச்சரிவு காணாமல் போய்விடும். அச்சான ஆண்டை நம்பவும் கூடாது. பழைய இந்தியத் தாள்களை வைத்துத் தொகுத்தது என்பதால் உள்ளே இருக்கும் காடு அதைவிட மூத்தது. எந்தத் தாளானாலும் ஓரத்தில் அளவை எடுத்த ஆண்டைத்தான் முதலில் பாருங்கள்.

சரி, காட்டுக்குள் நடப்பதற்கு? அங்கே புதிய 1:50,000 தாள்தான். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை; ஜிபிஎஸ்ஸின் கணக்கு வேறு. சரிசெய்யாமல் ஜிபிஎஸ் புள்ளியை அதில் வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். அந்தக் காட்டில் அது ஓடையின் அக்கரை.