வராத கடிதமும் வந்துகொண்டே இருந்த கடிதங்களும்

புலம்பெயர்ந்த வங்காளக் குடும்பங்களைப் பற்றி நாவல் கேட்டால் உடனே வருகிற பெயர்கள் இரண்டு: ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்', மோனிகா அலியின் 'பிரிக் லேன்'. இரண்டும் 2003இல் வெளிவந்தவை. எழுதிய இருவருமே 1967இல் பிறந்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கக் கதை எழுதியவர் பிறந்தது லண்டனில். லண்டன் கதை எழுதியவர் பிறந்தது டாக்காவில்.

லாஹிரியின் கங்குலி குடும்பம் கல்கத்தா, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படிப்பு, பேராசிரியர் வேலை, புறநகரில் சொந்த வீடு என்று போகிறது. அலியின் நஸ்னீன் வங்கதேசத்து மைமன்சிங் பக்கத்துக் கிராமத்துப் பெண். 18 வயதில், நாற்பதை எட்டிய சானுவைக் கட்டிக்கொண்டு 1985இல் கிழக்கு லண்டன் அடுக்குமாடிக்கு வருகிறாள். 'நம்மவர்கள்' என்பதன் பொருளே இங்கே மாறிவிடுகிறது. கங்குலி வீட்டு மனைவி அஷிமாவுக்கு அவர்கள் வார இறுதி விருந்துக்குக் காரில் வருகிறவர்கள். நஸ்னீனுக்கோ படிக்கட்டுக்குப் படிக்கட்டு கண்காணிக்கிறவர்கள்.

இரண்டிலும் கடிதம்தான் அச்சாணி. 'தி நேம்சேக்'கில், குழந்தையின் பெயரை எழுதி அஷிமாவின் பாட்டி அனுப்பிய கடிதம் அமெரிக்கா வந்து சேரவே இல்லை. அதனால் வீட்டில் கூப்பிட வைத்த 'டாக் நாம்' கோகோல், ஊருக்கான 'பாலோ நாம்' இருக்க வேண்டிய இடத்தில் ஏறிவிடுகிறது. கூப்பிட ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் என்று வளர்ந்தவர்களுக்கு அந்தச் சங்கடம் சட்டென்று பிடிபடும். ஆனால் பிற்பாதியில் கோகோலின் காதல்கள் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. முதல் காட்சியில் ரைஸ் கிரிஸ்பீஸ், வேர்க்கடலை, வெங்காயம் கலந்து கல்கத்தா தெருத் தீனியை வரவழைக்கப் பார்க்கும் அஷிமா, கடுகெண்ணெய் இல்லையே என்று ஏங்குகிறாளே, அந்த ஒரு கிண்ணம் போதும்.

'பிரிக் லேன்' நாவலில் தங்கை ஹசீனாவின் கடிதங்கள் டாக்காவிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. அவள் அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில்; அக்கா இங்கே வீட்டிலேயே தையல் மெஷினில். நடுவில் கடல் இருந்தாலும் இருவருக்கும் ஒரே பிழைப்பு. நஸ்னீனுக்குத் தைரியம் வருவது அந்தக் கூலிப் பணம் கைக்கு வந்த பிறகுதான். ஒரு குறை சொல்லியே ஆகணும்: வங்காளத்தில் எழுதும் தங்கையின் கடிதங்களை உடைந்த ஆங்கிலத்தில் தந்தது எனக்கு ஒட்டவே இல்லை. வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்களைச் சானு மட்டம் தட்டிப் பேசுவது வேறு. கதை நடக்கும் லண்டனின் பிரிக் லேன் பகுதி வங்காளிகளில் பெரும்பாலோர் சில்ஹெட்டிகள். 2006இல் படமெடுக்கப் போனபோது எதிர்ப்பு கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். கணவன் இறந்த பிறகு அஷிமா வீட்டை விற்றுவிட்டு ஆறு மாதம் இந்தியா, ஆறு மாதம் அமெரிக்கா என்று பிரித்துக்கொள்கிறாள். அது வசதி இருப்பவர்களால் முடிகிற தீர்வு. நஸ்னீனால் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். ஊருக்குப் போகணும் என்று நாவல் முழுக்கப் புலம்பிய சானு கடைசியில் தனியாகத்தான் விமானம் ஏறுகிறான். அவள் மகள்களோடு லண்டனிலேயே இருந்துவிடுகிறாள்.

நடை அழகுக்கு லாஹிரி. ஆனாலும் ஒன்றைத்தான் கையில் எடுக்கலாம் என்றால் நான் எடுப்பது 'பிரிக் லேன்'. சான்றிதழ்களைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டு, வராத பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் அந்தச் சானுவுக்காகவே.