பேங்க் நம்பர் இ-சிம்மில், கடை நம்பர் பிளாஸ்டிக் சிம்மில்

கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடை போர்டிலும் பில் புத்தகத்திலும் இருப்பது ஒரு நம்பர். பேங்க், ஆதார், கேஸ், வருமான வரி எல்லாம் இன்னொரு நம்பரில். கையில் இருப்பது ஐபோன் 13. அதில் சிம் போட ஒரே ஒரு இடம்தான். அதனால் ஒரு நம்பர் இ-சிம்முக்கு, அதாவது தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்முக்கு, போயாக வேண்டியிருந்தது. எதை மாற்றுவது என்று யாரைக் கேட்டாலும், "அதிகம் பேசாத நம்பரை மாத்திடுங்கண்ணா" என்பார்கள். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. நான் யோசித்தது போன் திருடு போனால் என்ன, கெட்டுப்போனால் என்ன என்று.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் என் சித்தப்பா பையனின் போனை ஒருவன் அடித்துக்கொண்டு போனான். போன் லாக்கில்தான் இருந்தது. ஆனால் சிம்மை உருவி வேறொரு போனில் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு வந்த ஓ.டி.பி. எல்லாம் அவன் கைக்குப் போனது. இ-சிம்மில் இது நடக்காது. அது போனின் போர்டிலேயே பதிந்திருக்கும் சிப். லாக்கைத் திறக்காமல் அதை எடுத்து வேறு போனுக்கு மாற்ற வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பேங்க் நம்பரை இ-சிம் ஆக்கினேன்.

அதோடு இரண்டு செட்டிங் மாற்றியே ஆக வேண்டும். ஒன்று, லாக் ஸ்கிரீனில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாமல் மறைப்பது. இல்லையென்றால் போனைத் திறக்காமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடலாம், இ-சிம் இருந்தும் பயனில்லை. இன்னொன்று, லாக்கில் இருக்கும்போது கன்ட்ரோல் சென்டர் திறக்காமல் வைப்பது. அது திறந்தால் திருடன் முதலில் தட்டுவது ஏரோபிளேன் மோடைத்தான்; அப்புறம் போன் எங்கே இருக்கிறது என்று தேடுவது கஷ்டமாகிவிடும்.

மாற்றும் வேலை பெரிய விஷயமில்லை. நம்பரோடு உங்கள் மெயில் ஐ.டி. முன்பே பதிவாகியிருக்க வேண்டும். சிம் கம்பெனி சொல்லும் எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ்., கேட்கும்போது உறுதி செய்து ஒரு பதில், அப்புறம் மெயிலில் க்யூ.ஆர். கோடு. அந்தக் கோடை வேறொரு திரையில் வைத்து ஸ்கேன் செய்யலாம், வைஃபையும் வேண்டும். சில கம்பெனிகள் இ-சிம் சிப்பின் அடையாள எண்ணான இ.ஐ.டி.யையும் கேட்கும். *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.க்குப் பக்கத்தில் 32 இலக்கத்தில் அது வரும். புது லைன் உயிர் பெற்றதும் பழைய பிளாஸ்டிக் சிம் செத்துவிடும்.

பலரும் சொல்லாமல் விடுவது அதற்கடுத்த 24 மணி நேரத்தைப் பற்றி. சிம் மாற்றினால் ஒரு நாள் முழுக்க அந்த நம்பரில் எஸ்.எம்.எஸ். வரவும் வராது, போகவும் போகாது. மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி அது, நல்ல விதிதான். ஆனால் அந்த ஒரு நாள் பேங்க் ஓ.டி.பி. கிடையாது. யு.பி.ஐ. ஆப்பும் சிம் மாறியதைக் கண்டுபிடித்து மறுபடி எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லும், அந்த எஸ்.எம்.எஸ்.ஸும் போகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்கள் 20-ஆம் தேதி பக்கம் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மறுநாள் யு.பி.ஐ.யைச் சரிபார்க்கும்போது எஸ்.எம்.எஸ். எந்த லைனிலிருந்து போகிறது என்று பார்த்து அனுப்புங்கள். கடை லைனிலிருந்து போனால் அக்கவுண்ட் இல்லை என்று திருப்பிவிடும்.

தினசரி உபயோகத்தில் இ-சிம் என்ற நினைப்பே வராது. திரையின் மேல் மூலையில் ஒரு லைனுக்குச் சிக்னல் கோடுகள், அதன் அடியில் இன்னொரு லைனுக்குச் சின்னப் புள்ளிகள். கால் வரும்போது எந்த லைன் என்று பெயரோடு காட்டும். சப்ளையர்கள், வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கடை லைனிலிருந்தே கால் போகும்படி ஒவ்வொரு கான்டாக்ட்டிலும் வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் பேங்க் நம்பர் (வீட்டுக்கும் அதுதான்), வாட்ஸ்அப் பிஸினஸில் கடை நம்பர்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. கடை லைனில் பேசிக்கொண்டிருந்தால் வீட்டிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். இது இ-சிம்மின் குற்றமில்லை. இரண்டு லைனும் ஒரே ரேடியோவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றது வாயடைத்து நிற்கும். இரண்டு லைனிலும் வைஃபை காலிங்கை ஆன் செய்து, டேட்டா லைன் தானாக மாறும் வசதியையும் போட்டுவிட்டேன். இப்போது பேச்சின் நடுவே மற்ற லைனின் காலும் வந்து நிற்கிறது. சிக்னல் மோசமான கிராமத்துக் கிணற்றடியில் மட்டும் சில நேரம் வராது.

இனி கடை நம்பரை ஏன் பிளாஸ்டிக்கிலேயே விட்டேன் என்பது. இந்த மாடலில் இரண்டையும் இ-சிம்மாக்கி ஒரே நேரத்தில் ஓட்டலாம், செய்ய மாட்டேன். போன வருஷம் ஒரு போர்வெல் வேலையில் போனுக்குள் தண்ணீர் இறங்கி டிஸ்ப்ளே செத்தது. அங்கேயே ஊசியால் டிரேயைத் தள்ளி கடை சிம்மை எடுத்தேன். நானோ சிம்மை அப்படியே பட்டன் போனில் போட முடியாது. சிம் வாங்கும்போது அதைச் சுற்றி இருக்கும் சட்டத்தைத் தூக்கிப் போடாமல் டூல்ஸ் பெட்டியில் வைத்திருந்தேன். அதில் பொருத்திப் பட்டன் போனில் சொருகியதும் அடுத்த கால் வந்துவிட்டது. ஒரு வேலைகூடக் கைவிட்டுப் போகவில்லை.

இ-சிம் நம்பரின் கதை வேறு. அது செத்த போனுக்குள் மாட்டிக்கொண்டது. கம்பெனி ஸ்டோருக்குப் போனால், புது க்யூ.ஆர். தர அதே நம்பருக்கு ஓ.டி.பி. போகும் என்றார்கள். அந்த நம்பர்தானே இல்லை என்று வந்திருக்கிறேன் என்று சொன்னபின், ஆதார் கைரேகை வைத்துத் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் சிம் கொடுத்தார்கள். மறுபடி 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பேங்க் நம்பர் இரண்டு நாள் முடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். கடை நம்பர் இரண்டு நாள் முடங்கினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சர்வீஸில் டிஸ்ப்ளே மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் இ-சிம்முக்கு ஒன்றும் ஆகாது. போர்டையே மாற்றினால் சிப்பும் புதிது, இ.ஐ.டி.யும் புதிது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. நீங்கள் கேட்காமலே இ-சிம் பற்றி மெசேஜோ காலோ வந்தால் எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். உங்கள் நம்பரை அவர்கள் போனுக்கு இ-சிம்மாக இழுத்துக்கொள்ளும் மோசடி நடக்கிறது. மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவே 2025-ல் எச்சரித்தது. காரணமில்லாமல் ஒரு லைனில் மட்டும் சிக்னல் போய்விட்டால் காத்திருக்க வேண்டாம். கம்பெனிக்கும் பேங்குக்கும் உடனே சொல்லுங்கள், பணம் போயிருந்தால் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ரீசார்ஜ் செலவு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இ-சிம் என்பதால் தனிக் கட்டணம் எதுவும் நான் கட்டவில்லை. டேட்டா பேக் கடை லைனுக்கு மட்டும் போடுகிறேன். பேங்க் லைனுக்கு டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் போதும். அப்படி ஒரு பேக் கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. ரீசார்ஜ் ஆப்பின் முதல் பக்கத்தில் அது கண்ணில் படாது. கீழே இறங்கித் தேடினால் கிடைக்கும்.