சோக், எலக்ட்ரானிக் சோக், எல்.இ.டி., ரோஸ் கண்ணாடி: டியூப் லைட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எது?

டியூப் லைட்டுக்கு அடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, எழுத்து ஊர்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "எல்.இ.டி.க்கு மாத்திடுங்க." எதைப் பார்த்து மாற்றுவது என்று தெரியாமல் மாற்றினால், எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்ற கதைதான்.

தொந்தரவு மூன்று வழியில் வரும்: சிமிட்டல், கண்ணில் நேராக அடிக்கும் கூச்சம், நீலம் தூக்கலான வெள்ளை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. உங்களுக்கு எது என்று பிரித்துப் பார்க்க ஒரு பவர் பேங்க்கும் யு.எஸ்.பி. விளக்கும் போதும். அறை டியூபை அணைத்துவிட்டு, விளக்கை முழு வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துத் திருப்பி, இரண்டு நாள் வேலை செய்யுங்கள். (பாதி வெளிச்சத்தில் வைத்தால் சில விளக்குகள் தாமே சிமிட்டும், சோதனை கெட்டுவிடும்.) தலைவலி விட்டுவிட்டால், மறுநாள் அதே விளக்கைக் கண்ணில் படும்படி மேலே மாட்டிப் பாருங்கள். அப்போது திரும்பி வந்தால் கூச்சம். வராவிட்டால், விளக்கின் வெள்ளையும் டியூபின் வெள்ளையும் ஒரே மாதிரி என்றால், சந்தேகம் சிமிட்டல் மீதுதான்.

பழைய சோக்கா, எலக்ட்ரானிக் சோக்கா

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரும்புச் சோக் போட்ட டியூப், விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூளைக்குப் போகும் சமிக்ஞையில் அது இருக்கிறது. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 25 முதல் 40 சதவீதம். 100 ஹெர்ட்ஸில் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்பது ஐ.இ.இ.இ. என்ற சர்வதேச மின்-மின்னணுப் பொறியாளர் சங்கத்தின் 1789 என்ற எண்ணுள்ள 2015-ஆம் ஆண்டு பரிந்துரை. டியூப் கிழடு தட்டி முனைகள் கறுத்துவிட்டால் 50 ஹெர்ட்ஸ் சிமிட்டலும் சேர்ந்துகொள்ளும். அதுதான் ஓரக்கண்ணில் "துடிக்குது" என்று தெரிவது. அப்படிப்பட்ட டியூபை மாற்றாமல் கண்ணாடி வாங்கப் போவது வீண்.

எலக்ட்ரானிக் சோக் அதே டியூபை 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டுகிறது. 1989-இல் பிரிட்டன் உளவியலாளர் ஆர்னால்ட் வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஓர் அலுவலகத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எது எரிகிறது என்று ஊழியர்களுக்குச் சொல்லவில்லை. உயர் அதிர்வெண் விளக்கில் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் செய்யாததால் "உங்க மனசுதான் காரணம்" என்பவர்களுக்குக் காட்ட வேண்டிய ஆய்வு இது.

ஃபிட்டிங்கில் உருண்டையான ஸ்டார்ட்டர் இருந்து, போட்டதும் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு எரிந்தால் அது இரும்புச் சோக். எலக்ட்ரானிக் சோக்கில் ஸ்டார்ட்டர் கிடையாது; 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் இல்லை. ஆட்டிசம் உள்ள சிலருக்கு வெளிச்சத்தைவிட அந்த இரைச்சல்தான் பெரிய உபத்திரவம். ஆனால் மலிவான எலக்ட்ரானிக் சோக்கில் வடிகட்டும் கப்பாசிட்டர் சிறியதாக இருக்கும். 100 ஹெர்ட்ஸ் சிமிட்டல் உள்ளே நுழைந்துவிடும்.

எல்.இ.டி. என்றாலே நல்லதா

இல்லை. எல்.இ.டி.க்கு ஞாபகம் கிடையாது. டியூபின் பாஸ்பர் பூச்சு கொஞ்சம் நேரம் ஒளியைப் பிடித்துவைத்திருக்கும், எல்.இ.டி.யோ மின்னோட்டம் இறங்கிய கணமே இறங்கிவிடும். ஆகவே எல்லாம் டிரைவர் கையில், அதாவது மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட் கையில் இருக்கிறது. டிரைவரே இல்லாமல் மின்சாரத்தை நேராக எல்.இ.டி. பலகைக்குக் கொடுக்கும் மலிவு ரகங்களில் ஏற்ற இறக்கம் 100 சதவீதத்தைத் தொடும். பழைய சோக் டியூபைவிட மோசம். மின்னோட்டத்தை ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கும் நல்ல கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவரில் 5 சதவீதத்துக்குள் அடங்கும். கான்ஸ்டன்ட் கரண்ட் என்ற எழுத்தை மட்டும் நம்பாமல் கடையிலேயே எரியவிட்டுப் பாருங்கள்.

போன் கேமராவை புரோ மோடில் வைத்து ஷட்டரை 1/2000-க்குக் கொண்டுபோய், அந்த விளக்கு மட்டும் படுகிற வெள்ளைச் சுவரைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் வாங்க வேண்டாம். மெலிதாக இருந்தால் பரவாயில்லை. சாதாரண மோடில் பார்க்காதீர்கள். போனே பட்டையை மறைத்துவிடும். போன் இல்லையென்றால் துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றைக் கறுப்புத் துணிக்கு முன்னால் வேகமாக ஆட்டுங்கள். நல்ல விளக்கில் புகைபோல ஒரே விசிறியாகத் தெரியும்; கெட்ட விளக்கில் தனித்தனிக் குச்சியாக நிற்கும்.

வாங்கியதும் முடிந்துவிடாது. டிரைவருக்குள் இருக்கும் கப்பாசிட்டர் சூட்டில் காய்ந்துபோகும். மூடிய ஃபிட்டிங்கில் இன்னும் சீக்கிரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈர்க்குச்சியை எடுங்கள்.

மாட்டும்போது நடக்கும் தவறு: ஒரு முனையில் மட்டும் சப்ளை கேட்கும் டியூபைத் திருப்பிப் போடுவது. சில டியூப்களில் மறுமுனையின் இரண்டு பின்னும் உள்ளே இணைந்திருக்கும். அங்கே லைனும் நியூட்ரலும் போனால் எம்.சி.பி. விழும். லேபிளில் எந்த முனை சப்ளை என்று போட்டிருக்கும். எலக்ட்ரானிக் சோக்கைக் கழற்றாமல் எல்.இ.டி. டியூபை மாட்டுவதும் கூடாது, அதற்கென்றே செய்த ரகமாக இருந்தாலொழிய. மெயினை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

நிறத்தில் 6500 கே 'கூல் டேலைட்'டை விட்டு 4000 கே அல்லது 3000 கே எடுப்பது இதம் (கே என்பது கெல்வின்; எண் குறையக் குறைய நீலம் குறைந்து மஞ்சள் கூடும்). ஆனால் சிமிட்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சளாக எரிகிற மட்ட பல்பும் சிமிட்டத்தான் செய்யும்.

லூபஸ் போன்ற நோயால் புறஊதா தாங்காத தோல் உள்ளவர்கள் கணக்கு வேறு. மூடியில்லாத சி.எஃப்.எல்.லும் டியூபும் சிறிதளவு புறஊதா விடும். சாதாரண வெள்ளை எல்.இ.டி. அநேகமாக விடாது. அவர்கள் யோசிக்காமல் எல்.இ.டி.க்குப் போகலாம்.

விளக்கை மாற்ற முடியாத இடத்தில்

எஃப்.எல்.-41 என்ற ரோஸ் நிறக் கண்ணாடிதான் இங்கே முதல் இடம். சுமார் 480 முதல் 520 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான நீல-பச்சை ஒளியை அது குறைக்கிறது. 1991-இல் வெளியான பர்மிங்ஹாம் ஆய்வில், இதைப் போட்ட குழந்தைகளுக்கு ஒற்றைத் தலைவலி மாதம் 6.2 முறையிலிருந்து 1.6 முறையாக இறங்கியது. சிறிய ஆய்வுதான். கடையில் தள்ளிவிடும் 'புளூ கட்' லென்ஸ் இதற்கு ஈடாகாது. அது வெட்டுவது பெரும்பாலும் 450-க்குக் கீழே. அறைக்குள் கூலிங் கிளாஸ் வேண்டவே வேண்டாம். கண் இருட்டுக்குப் பழகிவிடும். கழற்றும்போது கூச்சம் இரட்டிப்பாகும்.

கூச்சம் மட்டுமே பிரச்சினை என்றால் முன்விளிம்பு உள்ள தொப்பி, அல்லது தலைக்கு மேலிருக்கும் ஒரு டியூபைக் கழற்றச் சொல்வது, இரண்டுமே கண்ணாடியைவிட மலிவு. ஆனால் இரட்டை டியூப் ஃபிட்டிங் சிலவற்றில் ஒன்றைக் கழற்றினால் இரண்டும் அணைந்துவிடும். நிர்வாகத்திடம் "வெளிச்சம் ஒத்துக்கல" என்று மட்டும் எழுதினால் ஜன்னலோரத்துக்கு மாற்றிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். "என் மேசைக்கு மேலுள்ள இரும்புச் சோக் ஃபிட்டிங் இரண்டையும் எலக்ட்ரானிக் சோக்காக மாற்றவும்" என்று எழுதி, பட்டை ஓடும் வீடியோவையும் இணையுங்கள். மாற்றும் வரை மேசைக்கு ஒரு குண்டு பல்பு விளக்கு வைத்துக்கொள்ளலாம். 60 வாட் எடுக்கும், சூடும் அடிக்கும். ஆனாலும் இழை சட்டென்று ஆறாததால் சோக் டியூபைவிடச் சிமிட்டல் குறைவு.